கிட் போட்ட பிறகு வழியில் நிற்கும் அம்பாசடர்: எங்கிருந்து தேடுவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். வண்டி 1977 மார்க் 3 அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். ஸ்பார்க் வரவைக்கும் பழைய பாயிண்ட், கண்டென்சர் தொல்லை வேண்டாம் என்று எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் போட்டீர்கள். இரண்டு வாரம் அருமையாக ஓடியது. இப்போது காலையில் செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கிறது, சாவியை விடும் நொடியில்தான் பிடிக்கிறது. அரை மணி நேரம் ஓடினால் இழுத்து இழுத்து நின்றுவிடுகிறது. பானட்டைத் திறந்து கால் மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி எதுவும் நடக்காதது போல ஓடுகிறது. மெக்கானிக் "கிட் போச்சு சார், வேற வாங்கிடுங்க" என்கிறார். வாங்கலாமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். கிட் போயிருக்கவும் கூடும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொல்வது ஒரே கோளாறாகத் தெரியவில்லை. காலையில் வருவது ஒன்று, சூடானதும் வருவது வேறொன்று. இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டினால் மூன்று கிட் மாற்றினாலும் தீராது. நான் அப்படி இரண்டு மாற்றியவன். அதைப் பிறகு சொல்கிறேன்.

பாயிண்ட் என்பது ஒரு சாதாரண ஸ்விட்ச். பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் காயிலின் மைனஸை எர்த்தோடு (வண்டியின் உலோக உடம்போடு) சேர்க்கும், பிரிக்கும், அவ்வளவுதான். 9 வோல்ட் வந்தாலும் சேர்க்கும், 7 வோல்ட் வந்தாலும் சேர்க்கும், ஸ்பார்க் கொஞ்சம் சோகையாக வரும். கிட்டில் அந்த வேலையைச் செய்வது ஒரு சென்சாரும் டிரான்சிஸ்டரும், இரண்டும் சேர்ந்த பாகம்தான் மாட்யூல். ஸ்பார்க்கை நான்கு பிளக்குக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், சுற்றும் ரோட்டாருக்குக் கீழே, தண்டின் கேம் மேல் ஒரு காந்த வளையம் மாட்டியிருப்பீர்கள், காந்தம் கடக்கும்போதெல்லாம் சென்சார் டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும். இந்தச் சுற்று உயிரோடு இருக்கவே குறைந்தபட்ச வோல்டேஜ் வேண்டும். நல்ல எர்த்தும் வேண்டும். நாற்பது ஐம்பது வருடப் பழைய ஒயரிங்கில் இந்த இரண்டும்தான் முதலில் போகும். பாயிண்ட் பொறுத்துக்கொண்ட குறையை கிட் பொறுக்காது. அதனால் "கிட் போட்டதிலிருந்துதான் பிரச்சினை" என்பது உண்மையாகவே இருந்தாலும், பிரச்சினை கிட்டில் இல்லாமல் இருக்கலாம்.

முதலில் காலைக் கோளாறு. சாவியை விடும்போது மட்டும் பிடிக்கிறது என்றீர்களே, அது பெரிய துப்பு. செல்ஃப் மோட்டார் பேட்டரியை உறிஞ்சும்போது வோல்டேஜ் விழுகிறது, மாட்யூல் தூங்கிவிடுகிறது. சாவியை விட்டதும் வோல்டேஜ் எகிறுகிறது. இன்ஜின் இன்னும் அரைச் சுற்று சுற்றிக்கொண்டிருப்பதால் அந்த நேரத்தில் ஒரு ஸ்பார்க் வந்து பிடித்துக்கொள்கிறது. ஒரு மல்ட்டிமீட்டரை எடுத்து 20 வோல்ட் டிசியில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரி மைனஸில், சிவப்பு முனை காயில் பிளஸில். இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டுப் பாருங்கள். பிறகு அதே மாதிரி பேட்டரி முனைகளிலேயே வைத்துப் பாருங்கள். பேட்டரியிலேயே 9.5-க்குக் கீழே போனால் பேட்டரி, அதன் கிளாம்ப், இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை, செல்ஃப் மோட்டார் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். பேட்டரியில் 10.5 இருக்கிறது, காயிலில் மட்டும் 8 என்றால் வழியில் எங்கோ இரண்டரை வோல்ட் தொலைகிறது. பெரும்பாலும் அது சாவி ஸ்விட்ச்சுக்குள்ளேதான். ஐம்பது வருடமாகத் தேய்ந்த பித்தளை அது. அடுத்த சந்தேகம் ஃபியூஸ் பாக்ஸ் பக்கம் பச்சை பிடித்துக் கிடக்கும் முனைகள்.

செல்ஃப் அடிக்காமல், வெறும் சாவி போட்ட நிலையிலும் ஒருமுறை பாருங்கள். ஆனால் சில விநாடிகள் மட்டும். முதல் தலைமுறை கிட்கள் பலவற்றில் இன்ஜின் நின்றிருக்கும்போது சாவி ஆனில் இருந்தால் மாட்யூல் காயிலுக்குக் கரண்ட்டைத் தொடர்ந்து விட்டுக்கொண்டே இருக்கும். 3 ஓம் காயில் என்றால் 4 ஆம்பியர், கிட்டத்தட்ட 50 வாட், பெரும்பாலும் காயிலுக்குள்ளேயே சூடாகிறது. வண்டியை நிறுத்திவிட்டு ரேடியோ கேட்பதற்காகச் சாவியை ஆனிலேயே விடும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். காயிலும் போகும், கிட்டும் போகும்.

வோல்டேஜ் வழியில் தொலைகிறது என்று உறுதியானால் சாவி ஸ்விட்ச்சைத் தேடி அலைய வேண்டாம். ஹாரனுக்குப் போடும் நான்கு கால் ரிலே ஒன்று போதும். பழைய காயில் ஒயரை, அதாவது சாவியிலிருந்து வரும் ஒயரை, 86-ல் கொடுங்கள். 85 எர்த். பேட்டரி பிளஸிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ஒரு நல்ல ஒயர் 30-க்கு. 87-லிருந்து காயில் பிளஸுக்கும் கிட்டின் சிவப்பு ஒயருக்கும். இனி சாவி ஸ்விட்ச்சின் வேலை ரிலேயை எழுப்புவது மட்டும்தான். அரை நாள் வேலை கூட இல்லை. நான் பார்த்த பல வண்டிகளில் காலைக் கோளாறு இதிலேயே தீர்ந்திருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. செல்ஃப் அடிக்கும்போது பிடித்துவிட்டு, சாவியை விட்டதும் அணைந்தால் அது வேறு கதை. பேலஸ்ட் ரெசிஸ்டர் (ஓடும்போது காயிலுக்குப் போகும் கரண்ட்டைக் குறைக்கும் தடை) உள்ள அமைப்பில் அந்த ரெசிஸ்டர் அறுந்தால் அப்படி ஆகும். உங்கள் வண்டியில் ஆரம்பத்தில் பேலஸ்ட் கிடையாது என்றாலும், இத்தனை வருடத்தில் எத்தனை கை பட்டிருக்கிறதோ யார் கண்டது. ஒயரிங்கை ஒருமுறை கண்ணால் பின்தொடர்ந்து பாருங்கள்.

அப்புறம், காயில். ஒரு முனை ஒயர்களைக் கழற்றிவிட்டு பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவே ஓம் பாருங்கள். சுமார் 3 ஓம் காட்டினால் சரியான 12 வோல்ட் காயில். 1.5 அல்லது அதற்கும் கீழே காட்டினால், யாரோ பேலஸ்ட்டோடு ஓட வேண்டிய காயிலையோ, பிற்கால எலக்ட்ரானிக் வண்டியின் காயிலையோ மாட்டியிருக்கிறார்கள். அதில் 8 ஆம்பியர் ஓடும். சாதாரண கிட் அதைத் தாங்காது. அரை மணி நேரத்தில் சூடாகி நிற்பதற்கு இதுவே போதும். கிட் பெட்டியில் குறைந்தபட்சம் எத்தனை ஓம் காயில் வேண்டும் என்று அச்சிட்டிருக்கும், பாருங்கள். "ஸ்பார்க் நல்லா வரும் சார்" என்று கடைக்காரர் கொடுத்த பளபளப்பான காயில்தான் பல கிட்களுக்கு எமன். இன்னொன்று, சூடான காயிலை அளந்துவிட்டு ஓம் கூடிவிட்டதே என்று பயப்படாதீர்கள். 30 டிகிரியில் 3 ஓம் காட்டும் செம்புக் கம்பி 90 டிகிரியில் ஏறக்குறைய 3.7 காட்டும். அது இயல்பு.

சரி, சூடானதும் நிற்கும் கோளாறுக்கு வருவோம். இதில் எல்லாருமே செய்யும் தவறு ஒன்று. வண்டி நின்றதும் ஓரமாகத் தள்ளி, டீ குடித்து, ஆறிய பிறகு ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போவது. அங்கே வண்டி நன்றாக ஓடும். நன்றாக ஓடும் வண்டியில் மெக்கானிக் எதைக் கண்டுபிடிப்பார்? ஊகம்தான் செய்வார், உங்கள் மெக்கானிக் செய்தது போல. கோளாறு தெரிவது வண்டி நின்ற முதல் மூன்று நிமிடத்தில்தான். அதற்குத் தயாராகப் போங்கள்.

டிக்கியில் இவற்றை வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பழைய ஸ்பார்க் பிளக், அதன் உடம்பில் முதலைக் கிளிப் போட்ட ஓர் அடி ஒயர். 5 வாட் பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப். இரண்டு மீட்டர் நீளத்தில் இரு முனையும் கிளிப் உள்ள ஜம்பர் ஒயர் ஒன்று. மல்ட்டிமீட்டர். ஒரு பாட்டில் தண்ணீர், பழந்துணி.

நின்றதும் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் நடுவிலிருந்து காயில் ஒயரை உருவி, பழைய பிளக்கில் செருகி, கிளிப்பை இன்ஜின் உலோகத்தில் கடியுங்கள். பெட்ரோல் பைப், கார்புரேட்டர் பக்கம் வேண்டாம். கையில் பிடிக்கவும் வேண்டாம். காயில் ஒயரைச் சும்மா தொங்கவிட்டு செல்ஃப் அடிப்பதும் கூடாது, போக வழியில்லாத உயர் வோல்டேஜ் மாட்யூலைத் திருப்பி அடிக்கும். இப்போது செல்ஃப் அடித்துப் பாருங்கள். நீல நிறத்தில் சொடக்கென்று ஸ்பார்க் வந்தால் கிட்டும் காயிலும் வேலை செய்கின்றன. நீங்கள் தேட வேண்டியது பெட்ரோல், அல்லது கேப்பும் ரோட்டாரும்.

பெட்ரோல் என்றதும் சிரிக்காதீர்கள். அம்பாசடர் ஓட்டியவர்களுக்கு இது தெரிந்த கதைதான். சித்திரை வெயிலில் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றிக்கொண்டு ஓட்டாதவர் யார்? இன்ஜினோடு ஒட்டிய மெக்கானிக்கல் பம்ப், சூட்டில் பெட்ரோல் ஆவியாகி லைனில் குமிழி கட்டும், பம்ப் வெறும் காற்றைத் தள்ளும். நம் ஊரில் ஏர் லாக் என்போம். இதன் அறிகுறியும் உங்களுடையது போலவே இருக்கும்: சூடானதும் இழுத்து இழுத்து நிற்பது, ஆறினால் ஓடுவது. இக்னிஷன் போனால் பெரும்பாலும் ஸ்விட்ச் அணைத்த மாதிரி சட்டென்று வெட்டும். பெட்ரோல் போனால் தும்மித் தும்மி நிற்கும். நீங்கள் "இழுத்து இழுத்து" என்று எழுதியதால்தான் எனக்கு இந்தச் சந்தேகம். ஆனால் இது கல்வெட்டு விதி இல்லை, ஸ்பார்க்கைப் பார்க்காமல் முடிவு கட்ட வேண்டாம். ஸ்பார்க் இருந்தால் பம்ப் மேல் ஈரத்துணி போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் பிடித்தால் கிட் நிரபராதி.

ஸ்பார்க் இல்லையா? மீட்டரை எடுங்கள். சாவி ஆனில் காயில் பிளஸில் வோல்டேஜ் இருக்கிறதா? சுத்தமாக இல்லை என்றால் ஜம்பர் ஒயரால் பேட்டரி பிளஸிலிருந்து நேரே காயில் பிளஸுக்குக் கொடுங்கள். பிடித்துவிட்டால் கோளாறு ஒயரிங்கில். இந்த ஜம்பரோடே வீடு வரை வரலாம், ஆனால் சாவியைத் திருப்பினால் இன்ஜின் அணையாது, ஒயரைக் கழற்ற வேண்டும். ஞாபகம் இருக்கட்டும்.

வோல்டேஜ் இருக்கிறது, ஸ்பார்க் இல்லை. டெஸ்ட் லேம்ப்பை காயில் மைனஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மாட்டி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பல்பு மினுக் மினுக்கென்று அடித்தால் மாட்யூல் தன் வேலையைச் செய்கிறது. அப்படியும் ஸ்பார்க் இல்லை என்றால் காயில் உள்ளே அறுந்திருக்கிறது. சூட்டில் விரிந்து உள்சுற்று பிரிந்து, ஆறியதும் சேர்ந்துகொள்ளும் காயில்கள் நிறைய. ஈரத்துணியைக் காயில் உடம்பில் மட்டும் சுற்றுங்கள், மேல் மூடியில் தண்ணீர் படக் கூடாது. துணி பட்டதும் பிடித்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

பல்பு மினுக்காமல் ஒரே நிலையில் எரிந்துகொண்டே இருந்தால் மாட்யூல் காயிலை எர்த்தோடு சேர்க்கவே இல்லை. இங்கேதான் எல்லாரும் கிட்டைத் தூக்கிப் போடுகிறார்கள். அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றி, ஜம்பர் ஒயரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறு முனையை மாட்யூல் உட்கார்ந்திருக்கும் உள் தட்டிலும் கடித்துவிட்டு மறுபடி செல்ஃப் அடியுங்கள். பல்பு மினுக்க ஆரம்பித்தால் மாட்யூலில் குற்றமில்லை, எர்த் இல்லாமல் தவிக்கிறது.

நான் இரண்டு கிட் மாற்றிய கதை இதுதான். திருச்சியிலிருந்து மதுரை போகும் வழியில், விராலிமலை தாண்டி, மே மாத மதியம். மிதமாக மிதித்துப் போகும்போது வெட்டும், அழுத்தி மிதித்தால் ஓடும், மறுபடி காலைத் தளர்த்தினால் வெட்டும். கிட் என்று நினைத்துப் புதிது போட்டேன். பத்து நாள் கழித்து அதே இடம் இல்லை, அதே வெட்டு. இன்னொன்று போட்டேன். அதுவும் அப்படியே. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மேஜை மேல் வைத்துப் பார்த்தேன். உள் தட்டு இரண்டு அடுக்கு. மேல் தட்டு வேக்யூம், அதாவது இன்ஜினின் உறிஞ்சல், இழுக்கும்போது கொஞ்சம் திரும்ப வேண்டும். அதையும் உடம்பையும் இணைப்பது சுண்டுவிரல் நீளம் கூட இல்லாத ஒரு துணி சுற்றிய எர்த் ஒயர். வெளியே பார்க்க முழுசாக இருந்தது. இரு முனையையும் பிடித்து மெல்ல இழுத்தேன், உள்ளே செம்பு இழைகள் அறுந்து வெறும் துணி மட்டும் ரப்பர் மாதிரி நீண்டது. தட்டு ஒரு நிலையில் இருந்தால் இழைகள் தொடும், வேக்யூம் இழுத்துத் திரும்பினால் பிரியும். மிதமாக ஓட்டும்போதுதான் வேக்யூம் நன்றாக இழுக்கும். நான் மாற்றிய இரண்டு கிட்டும் இன்றுவரை நன்றாக இருக்கின்றன, ஒன்று நண்பர் வண்டியில் ஓடுகிறது. அந்த ஒயரை மாற்ற ஆன செலவு ஒரு டீயை விடக் குறைவு. மெல்லிய இழைகள் நிறைய உள்ள, வளைந்து கொடுக்கும் ஒயராகப் போட வேண்டும். வீட்டுக் கரண்ட் ஒயரின் தடித்த கம்பியைப் போட்டால் தட்டும் திரும்பாது, ஒரு மாதத்தில் உடைந்தும் போகும்.

எர்த் கொடுத்தும் மினுக்கவில்லையா, சரி, இப்போது மாட்யூலைச் சந்தேகப்படலாம். வீட்டில் உறுதி செய்ய ஒரு வழி: இன்ஜின் ஐடிலில் ஓடட்டும், தலைமுடி உலர்த்தும் டிரையரால் டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பைச் சூடாக்குங்கள். நின்றால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி, அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் புதியது வாங்குங்கள். நிற்கவில்லை என்றால் அதே டிரையரைக் காயில் பக்கம் திருப்புங்கள்.

கேப்பைத் திறந்திருக்கும்போதே இன்னும் சிலவற்றைப் பார்த்துவிடலாம். கண்டென்சரைக் கழற்றிவிட்டீர்களா? கிட் போட்ட பிறகும் காயில் மைனஸில் அது தொங்கிக்கொண்டிருப்பதைப் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன். தேவையில்லை, எடுத்துவிடுங்கள். காந்த வளையத்தின் மேல் ரோட்டார் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா? சில கிட்களில் வளையம் அரை மில்லிமீட்டர் உயரமாக இருந்து ரோட்டாரைத் தூக்கிவிடும், கேப்பின் உள்முனைகளில் உரசிய தடம் தெரியும். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். நன்றாக ஆடினால் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது, சென்சாருக்கும் காந்தத்துக்கும் இடைவெளி நிலையாக இருக்காது.

ரோட்டாரைச் சோதிக்க ஒரு பழைய தந்திரம் உண்டு. கேப் இல்லாமல், காயில் ஒயரின் முனையை ரோட்டாரின் பித்தளைக்கு மேல் 3 மி.மீ. இடைவெளியில் இருக்குமாறு ஒரு மரக் குச்சியில் கட்டி நிறுத்தி செல்ஃப் அடியுங்கள். பித்தளைக்கு ஸ்பார்க் தாவிக்கொண்டே இருந்தால் அது ரோட்டாரின் உடம்பைத் துளைத்துக் கீழே தண்டுக்கு ஓடுகிறது என்று பொருள். நல்ல ரோட்டாரில் தாவாது, தாவினாலும் மிக மெலிதாக ஒன்றிரண்டு. இந்தச் சோதனையைச் சுருக்கமாக முடியுங்கள், போக வழியில்லாத உயர் வோல்டேஜ் மாட்யூலைத் திருப்பி அடிக்கும் என்று மேலே சொன்ன அதே காரணம்தான். இப்போது கிடைக்கும் மலிவு ரோட்டார்களில் பித்தளையை ஆணி அடித்துப் பிடித்திருப்பார்கள், அந்த ஆணி வழியாகவே கசியும். பழைய ரோட்டார் நன்றாக இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

பிளக் ஒயர் வெறும் செம்புக் கம்பியா? பிளக்கும் ரெசிஸ்டர் இல்லாத வகையா? இரண்டும் அப்படி இருந்தால் அந்த இரைச்சல் சென்சாரைக் குழப்பும், அதிக வேகத்தில் மிஸ்ஸிங் அடிக்கும். பாயிண்ட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. ரெசிஸ்டர் ஒயரோ ரெசிஸ்டர் பிளக்கோ ஏதாவது ஒன்று போதும்.

டைமிங், அதாவது ஸ்பார்க் வரும் கணம், பார்த்தீர்களா? கிட்டை மாட்டிவிட்டு "அதே இடத்தில்தானே இருக்கிறது" என்று விட்டுவிடுவார்கள். பாயிண்ட் திறக்கும் கணமும் காந்தம் சொல்லும் கணமும் ஒன்றல்ல, பல டிகிரி தள்ளிப் போகும். டைமிங் தாமதமாக இருந்தால் பிக்கப் குறையும், இன்ஜின் சூடு ஏறும், அந்தச் சூடு பெட்ரோல் பம்ப்புக்கும் காயிலுக்கும் போகும். உங்கள் அரை மணி நேரக் கணக்குக்கு இதுவும் ஒரு கை கொடுத்திருக்கலாம். வேக்யூம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, டைமிங் லைட் வைத்துக் கையேட்டில் உள்ள டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2, ரோட்டார் மேலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும்.

கடைசியாக சார்ஜிங். டைனமோவாக இருந்தால் ஐடிலில் அது ஒன்றும் தராது. இரவில் ஹெட்லைட் போட்டு டிராபிக்கில் நிற்கும்போது வோல்டேஜ் விழும், மேலே சொன்ன ரிலே இருந்தால் சமாளிக்கும். ஆல்டர்னேட்டர் மாற்றியிருந்தால் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருக்கிறதா பாருங்கள். 15-ஐத் தாண்டினால் அடுத்த கிட்டும் அதே பாடுதான் படும். பேட்டரி எந்த முனை எர்த் என்பதையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்புகளில் பிளஸ் எர்த் வண்டிகள் உண்டு, அதில் மைனஸ் எர்த் கிட்டை மாட்டினால் முதல் சாவியிலேயே முடிந்துவிடும். உங்களுடையது இரண்டு வாரம் ஓடியதால் அந்தக் கவலை இல்லை.

செய்யும் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் காயிலின் ஓம், செல்ஃப் அடிக்கும்போது இரண்டு இடத்திலும் வோல்டேஜ், உள் தட்டின் எர்த் ஒயர். இவை மூன்றும் வீட்டு வாசலிலேயே முடியும். பிறகு பழைய பிளக்கையும் டெஸ்ட் லேம்ப்பையும் எடுத்துக்கொண்டு வண்டி நிற்கும் வரை ஓட்டிப் பாருங்கள். நின்ற இடத்தில் ஸ்பார்க் இருந்ததா, பல்பு மினுக்கியதா என்று எழுதுங்கள், அங்கிருந்து மேலே பார்க்கலாம். கழற்றிய பாயிண்ட் செட்டையும் கண்டென்சரையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு டப்பாவில் ஸ்க்ரூக்களோடு டிக்கியில் கிடக்கட்டும், நடுவழியில் மாட்யூல் உண்மையிலேயே போனால் இருபது நிமிடத்தில் மாட்டிக்கொண்டு ஊர் வந்து சேரலாம்.